உடைக்கிற பானை, வைக்கிற தாழி

நம்ம சேரிச் சாவில் பானைக்கு ஒரே ஒரு வேலைதான். உடைவது. கொள்ளி வைக்கிறவன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பிணத்தை மூன்று சுற்றுச் சுற்றுவான். சுற்றுக்கு ஒன்றாக வெட்டியான் கத்தி முனையால் குடத்தில் ஓட்டை போடுவான். தண்ணீர் பீச்சி அடிக்கும். மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். புதைத்தாலும் எரித்தாலும் இதுதான். திரும்பிப் பார்க்காதே என்பதுதான் நமக்குச் சொல்லித்தந்த சடங்கின் கடைசி வார்த்தை.

ஊர்த்தெருவிலும்தான் குடம் உடைக்கிறார்கள். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் குடத்தை உடைத்துவிட்டு வந்தவன் தன் கொல்லையில், கிணற்று மேட்டில், பம்ப்செட் கொட்டகைக்குப் பக்கத்தில் அப்பனுக்கு ஒரு சமாதி கட்டுகிறான். சுண்ணாம்பு அடிக்கிறான். மாடக்குழியில் விளக்கேற்றுகிறான். தோற்றம், மறைவு என்று தேதி போட்ட கல் பதிக்கிறான். நிலம் இருக்கிறவனுக்குச் செத்த பிறகும் விலாசம் இருக்கிறது. நமக்கு ஏரிப் புறம்போக்கில் ஒரு மண்மேடு. ரெண்டு மழைக்கு மேடு கரைஞ்சிடும். அஞ்சாறு வருஷத்தில் அதே இடத்தில் இன்னொருத்தருக்குக் குழி வெட்டுவாங்க. வெட்டும்போது பழைய எலும்பு வரும். யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

செத்தவர்களை எதில் வைப்பது, எங்கே வைப்பது, எதை நட்டு நினைப்பது என்பதைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். கூலியும் கொலையும் வழக்கும் வாய்தாவும் இருக்கும்போது சட்டி பானைப் பேச்சு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். இது நிலத்தைப் பற்றிய பேச்சு. கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

தமிழ் மண்ணில் சாவுப் பானை எப்போதும் உடைப்பதற்காக வனையப்பட்டதில்லை. தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு இருக்கிறது. 114 ஏக்கர். 1876ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன்னால் செய்த நெற்றிப்பட்டங்கள், வெண்கலச் சாமான்கள், இரும்பு வாள், ஈட்டி எல்லாம் வந்தன. 2004ல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது கொஞ்ச இடத்திலேயே 160க்கு மேல் தாழிகள். இரண்டு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று 2019ல் சொன்னார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021ல் அறிவிக்கப்பட்டது. செத்துப் போனவருக்குச் சோற்றுக்கு நெல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கீழடிச் சனங்களுக்குக் கொந்தகை இருந்தது. அங்கேயும் தாழிகள்தான்.

தாழி என்பது சாம்பல் கலசம் இல்லை. சில தாழிகளில் ஆளையே குந்தவைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். சிலவற்றில் உடம்பை முதலில் வேறெங்கோ போட்டு வைத்திருந்து, பிறகு எலும்பை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். எப்படியானாலும் அது வைப்பதற்காகச் செய்த பானை. உடைப்பதற்கில்லை.

உடனே இது எங்க சாதியின் இடுகாடு, நாங்கதான் ஆதியில் ஆண்டவங்க என்று மல்லுக்கட்ட நான் வரலை. அந்த வேலைக்கு ஊரில் ஆள் நிறைய இருக்கு. ஆதிச்சநல்லூரிலும் எல்லாத் தாழியிலும் பொன் பட்டம் இல்லை. செத்தவர்களுக்குள்ளேயே அங்கேயும் ஏற்றத்தாழ்வு இருந்திருக்கும். நான் பார்ப்பது அந்த 114 ஏக்கரை. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களுக்கு 114 ஏக்கர் ஒதுக்க மனசிருந்த நாட்டில், இன்றைக்கு எங்க காலனிக்குச் சுடுகாடு அரை ஏக்கர்கூடத் தேறாது. அதிலும் பாதி ஏரித் தண்ணிக்குள்ள.

எம்.ஏ. படிக்கும்போது புறநானூறு நடத்தினார்கள். 256ஆம் பாட்டில் ஒரு பெண், புருசனைப் பறிகொடுத்தவள், தாழி வனைகிற குயவரிடம் பேசுகிறாள். அவனோடு வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய பல்லி போல வழியெல்லாம் கூடவே வந்தவள் நான், ஆகவே தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று கேட்கிறாள். எங்கள் பேராசிரியர் பல்லி உவமையை ஒரு மணிநேரம் வியந்தார். பெண்ணின் கற்பை இன்னொரு மணிநேரம் வியந்தார். எனக்கு வேறு இரண்டு விஷயம் பட்டது. ஒன்று, சாவுக்கலம் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று ஒரு பெண் போய் நின்று சொல்கிறாள். இன்றைக்கு எந்தச் சாதியிலும் பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்கிறானே, அவன் வாயில் எந்தப் பழந்தமிழ் மரபு இருக்கிறது? இரண்டாவது, குயவரை அவள் 'கோ' என்று அழைக்கிறாள். அரசனுக்கும் அதே சொல்தான். 228ஆம் பாட்டில் அய்யூர் முடவனாரும் கிள்ளிவளவன் செத்தபோது அதே 'கோ'விடம்தான் போய் நிற்கிறார், இவ்வளவு பெரிய ஆளுக்குத் தாழி எப்படி வனையப்போகிறாய் என்று. சாவு வேலை செய்கிறவரை மரியாதையாகக் கூப்பிட்ட மொழி இது. அதே மொழியில்தான் பின்னால் 'வெட்டியான்' என்ற சொல் வசவாக மாறிப்போனது.

அந்த இரண்டு பாட்டையும் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கிவிட்டேன். கலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேலை எனக்கே வந்தது பல வருஷம் கழித்து, எங்கம்மா செத்தபோது. சென்னையில், ஆஸ்பத்திரியில் செத்தாங்க. அய்ப்பசி மழை. வடாற்காட்டுப் பக்கம் எங்க ஊரில் ஏரி ரொம்பி, சுடுகாட்டுப் பாதையில் இடுப்பளவு தண்ணி. வேறு வழி ஊர்த்தெரு வழியாகத்தான். அந்த வழியை எங்களுக்கு யாரும் விட்டதில்லை. பெரியப்பா போனில் சொன்னார்: "எடுத்தாந்து எங்கம்மா வெப்ப? தண்ணியிலயா?" ஆகவே சென்னையிலேயே எரித்தோம். புதைக்கிற சனம் நாங்கள். எரிப்பது என்று முடிவெடுத்தது நாங்கள் இல்லை. மழையும் ஊர்த்தெருவும் சேர்ந்து எடுத்த முடிவு அது.

எரிவாயு மேடையில் வேலை செய்தவர் சாம்பலையும் எலும்புத் துணுக்குகளையும் ஒரு மண்சட்டியில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, சீட்டு ஒட்டிக் கொடுத்தார். என் கையில்தான் கொடுத்தார். நம்ம ஆள்தான், பேச்சிலேயே தெரிந்தது. "சூடு இருக்கும்மா, புடவத் தலப்ப அடியில குடுத்துப் புடிச்சிக்க" என்றார். ரெண்டு மூணு கிலோ இருக்கும். என்னைத் தூக்கி வளர்த்தவளை நான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அண்ணனோடு பூசைச் சாமான் கடைக்குப் போனோம், மண்சட்டி ஊர் போகும்வரை தாங்காது, சொம்பு ஒன்று வாங்கலாம் என்று. கடைக்காரர் செம்பில், பித்தளையில், எவர்சில்வரில் வரிசையாக எடுத்து வைத்தார். மூடி போட்டது, போடாதது. சிவப்புத் துணி, மஞ்சள் துணி. விலையைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "எங்க கரைக்கிறீங்க? ராமேஸ்வரமா, காவேரியா? காசின்னா சீல் வெச்சுத் தரேன்." கரைக்கவில்லை, வைக்கப்போகிறோம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "வீட்ல வெக்கக் கூடாதும்மா. தோஷம்." அண்ணனும் என் முழங்கையைத் தட்டினான். கடையில் இருந்த அத்தனை கலசமும் கரைப்பதற்காகத்தான். நூறு மாதிரி கலசம் இருக்கிறது, செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்று. ஆற்றில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது.

தோஷம், தீட்டு என்ற இந்த வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. சாம்பலை வைக்கலாமா கூடாதா என்ற சண்டை. அதில் வைக்கலாம் என்று சொன்ன கட்சி புத்தருடையது.

புத்தரைக் குசிநகரத்தில் எரித்தார்கள். எலும்பும் சாம்பலும் மல்லர்களிடம் இருந்தன. சாக்கியர், லிச்சவி, மகதத்து அஜாதசத்து என்று ஏழு பேர் வந்து எங்களுக்கும் பங்கு வேண்டும் என்றார்கள். படையெடுக்கிற நிலைமை. தோணன் என்ற ஒரு பார்ப்பனர் நடுவில் புகுந்து ஒரு குடத்தால் அளந்து எட்டுப் பங்காகப் பிரித்தார். பிரித்துக் கொடுத்துவிட்டு, எனக்கு அந்தக் குடத்தைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசியாக வந்த பிப்பலிவனத்து மோரியருக்குச் சிதையின் கரிதான் மிஞ்சியது. எலும்புக்கு எட்டு, குடத்துக்கு ஒன்று, கரிக்கு ஒன்று, ஆக பத்து ஸ்தூபிகள் என்று மகாபரிநிப்பாண சுத்தம் சொல்கிறது. அளந்த குடத்துக்கே ஒரு ஸ்தூபி கட்டின மரபு அது.

அதே சுத்தத்தில், ஸ்தூபியை நாற்சந்தியில் எழுப்ப வேண்டும் என்று வருகிறது. இதை நாம் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. பிணத்தைத் தொட்டவன் குளிக்க வேண்டும், சுடுகாடு ஊருக்கு வெளியே, அதைப் பார்த்துக்கொள்கிறவன் அதற்கும் வெளியே என்று வகுத்த பார்ப்பனியத்துக்கு எதிராக, எலும்பைக் கொண்டுவந்து நாலு தெரு கூடுகிற இடத்தில் வைத்து, வருகிறவன் போகிறவன் எல்லாம் பூப்போட்டுக் கும்பிடு என்றது பௌத்தம். தீட்டுக் கோட்பாட்டின் தலையில் இறக்கிய இடி அது. சாவைத் தீட்டு என்று சொல்லாவிட்டால் வெட்டியானைத் தீட்டு என்று சொல்ல முடியாதே.

அதற்காகப் பௌத்தம் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று கதை விடவும் கூடாது. நம்முடைய மணிமேகலையையே எடுத்துக்கொள்வோம். சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சாத்தனார் புகார் நகரத்துச் சுடுகாட்டைக் காட்டுகிறார். எரிக்கிறவர்கள், சும்மா போட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைக்கிறவர்கள், பள்ளத்தில் அடைக்கிறவர்கள், தாழியால் கவிக்கிறவர்கள் என்று அய்ந்து வழிகளையும் சொல்கிறார். தமிழில் இதைவிட விவரமான பட்டியல் வேறு இல்லை. ஆனால் அங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறார். செத்தவர்களுக்காகச் செங்கல்லால் கட்டிய கோட்டங்கள் நிற்கின்றன. குட்டையாகவும் நெட்டையாகவும் நிற்கின்றன. நான்கு வருணத்துக்கும் வேறுவேறாகக் காட்டி நிற்கின்றன. பௌத்தக் காப்பியத்தின் சுடுகாட்டிலேயே வருணம் வந்து உட்கார்ந்துவிட்டது. நான்கு வருணத்திலும் வராதவனுக்கு அங்கே என்ன கட்டினார்கள்? சாத்தனார் அதைச் சொல்லவில்லை.

நடுகல்லும் அப்படித்தான். காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று தொடங்கி ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்லும். தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006ல் கிடைத்தவை தமிழ் பிராமி எழுத்துள்ள கற்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு சேர்ந்து கள்ளரைக் கடித்த நாய்க்கும் அதில் உருவம் உண்டு. கோவிவன் என்று பெயரும் வெட்டியிருக்கிறார்கள். எனக்கு நாய்மேல் கோபம் இல்லை. நன்றியுள்ள நாய், பெயர் இருக்கட்டும். ஆனால் எங்க பாட்டியின் பாட்டி பெயர் என்ன என்று கேட்டால் எங்க வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. நம்மவர்களுக்கு ஒப்பாரிதான் நடுகல், வாய்மொழிதான் கல்வெட்டு என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். படிக்க நல்லாத்தான் இருக்கு. கல் கிடைத்திருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்போம்?

ஏன் கல் வைப்பதில்லை என்று பெரியப்பாவிடம் கேட்டேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. நம்ம வழக்கத்தில் இல்லை என்றுதான் முதலில் சொன்னார். அப்புறம் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "எங்கப்பனுக்கு ஒரு கல்லு வெச்சோம்மா. சும்மா கல்லுதான், எழுத்துகூட இல்ல. ஊருக்காரன் வந்து புடுங்கிப் போட்டான். ஏரிய வளைக்கறதுக்கு அச்சாரம் போடறீங்களான்னு கேட்டான். அதுல இருந்து வெக்கறதில்ல."

நான் படித்த மானிடவியல் புத்தகங்கள் எதிலும் இந்தக் காரணம் இல்லை. தாழ்த்தப்பட்டோர் கல்லறை எழுப்புவதில்லை, இது அவர்களது மரபு என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பிடுங்கிப் போட்ட கல்லுக்குப் பெயர் மரபு! புறம்போக்கில் நட்ட கல் என்பது நிலத்தின்மேல் வைத்த உரிமை. ஊர்க்காரனுக்கு அது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் அது வழக்கம் என்று மறந்துபோனது.

வழக்கம் இப்படி என்றால் வழி எப்படி? 2016 ஜனவரியில் நாகை மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும், போலீஸே உடலைப் பிடுங்கி வேறு வழியில் கொண்டுபோய்ப் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம் நாராயணபுரத்தில் பாதை மறுக்கப்பட்டு, பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து பிணத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். படம் பிடித்திருந்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. மதம் மாறினாலும் தப்பவில்லை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் வைத்துத் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்தார்கள். பல பத்தாண்டுகளாக நம்மவர்கள் எதிர்த்த சுவர் அது. 2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பஸ்தரில் ஒரு தலித் கிறிஸ்தவப் போதகரின் உடல் சொந்த ஊரில் இடமில்லாமல் மூன்று வாரம் பிணவறையில் கிடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், வேறு ஊரில் புதைக்கச் சொல்லி முடிந்தது. பிணத்துக்கு ஆறடி தர இந்த தேசத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் கூட வேண்டியிருக்கிறது.

இதே தேசம் தனக்கு வேண்டியவர்களின் சாம்பலை எப்படி வைத்துக்கொண்டது என்றும் பார்க்கலாம். 1948ல் காந்தியின் சாம்பல் பல கலசங்களில் நாடு முழுக்கப் போனது. கன்னியாகுமரியில் கலசம் வைத்த இடத்தில் மண்டபம் எழுந்தது. ஒரு கலசம் கட்டாக்கில் வங்கிப் பெட்டகத்தில் இருந்தது. அதை எடுத்து 1997ல்தான் அலகாபாத்தில் கரைத்தார்கள். டெல்லியில் யமுனைக் கரையில் காந்திக்கு ராஜ்காட், நேருவுக்கு சாந்திவனம்.

அதே டெல்லியில், 26 அலிப்பூர் சாலையில், 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் இறந்தார். யமுனைக் கரையில் அவருக்கு இடமில்லை. விமானத்தில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். டிசம்பர் 7 அன்று தாதர் கடற்கரையில் பௌத்த முறைப்படி எரியூட்டப்பட்டார். 1935ல் இயோலாவில் அவர் என்ன சொன்னார்? இந்துவாகப் பிறந்தது என் கையில் இல்லை, ஆனால் இந்துவாகச் சாகமாட்டேன் என்றார். நாம் அதை மதமாற்ற அறிவிப்பு என்றே படிக்கிறோம். அது ஒரு மனிதன் தன் சாவைத் தானே தேர்ந்தெடுத்த அறிவிப்பும்தான். என் பிணத்தின்மேல் உன் மந்திரம் விழாது என்று 21 வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டு, செத்துப்போவதற்கு ஏழரை வாரத்துக்கு முன்னால் நாக்பூரில் அதை நிறைவேற்றிவிட்டுப் போனார். சிதை எரிந்த இடத்திலேயே ஆயிரக்கணக்கானவர்கள் தீட்சை பெற்றார்கள். இதற்கு நிகரான ஒரு கருமாதி வரலாற்றில் உண்டா?

அந்த இடத்தில் சிறிய ஸ்தூபி ஒன்று கட்டி 1971 டிசம்பர் 5 அன்று திறந்தார்கள். சைத்ய பூமி. அஸ்தி கரையவில்லை. நாக்பூர் தீட்சா பூமியிலும் அவரது அஸ்தி இருக்கிறது. அங்கே பெரிய ஸ்தூபியை 2001ல் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திறந்துவைத்தார். ஒவ்வொரு டிசம்பர் 6க்கும் சைத்ய பூமிக்கு லட்சக்கணக்கில் சனம் வருகிறது. மெழுகுவத்தி ஏற்றுகிறது. பக்கத்து சிவாஜி பூங்காவில் போட்ட கடைகளில் புத்தகம் வாங்குகிறது. திதி கொடுக்கிற இடத்தில் எள்ளும் தண்ணியும் விற்பார்கள், இங்கே அரசியல் சட்டப் புத்தகம் விற்கிறார்கள். டெல்லி அலிப்பூர் சாலை வீட்டை அரசாங்கம் நினைவிடமாக்கித் திறக்க 2018 ஆனது. அதற்குள் சனங்களுடைய சிறிய ஸ்தூபிக்கு 46 வயது.

எலும்புக் கலசம் வைப்பது பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வைத்ததையும் எடுத்துக்கொண்டு போவார்கள். பிப்ரவாவில் 1898ல் பெப்பே என்ற வெள்ளைக்காரர் தன் பண்ணையில் இருந்த ஸ்தூபியைத் தோண்டினார். கல்பெட்டிக்குள் கலசங்கள், எலும்பு, நகைமணிகள். புத்தருடைய தாது என்று ஒரு கலசத்தில் பிராமி எழுத்து. எலும்பை சயாம் அரசருக்குக் கொடுத்தார்கள். மணிகளில் ஒரு பங்கு பெப்பே குடும்பத்திடமே தங்கியது. 2025 மே மாதம் அவை ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தன. எதிர்ப்புக் கிளம்பி ஏலம் நின்று, ஜூலையில் இந்தியாவுக்குத் திரும்பின. சாக்கியர்கள் தங்கள் மனிதனுக்கு வைத்துப் புதைத்த மணிக்கு மதிப்புப் போட்டு அட்டவணை அடித்திருந்தார்கள்.

நமக்கோ வைக்கவே எதுவும் மிஞ்சாத சாவுகள் உண்டு. 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. ஒரே குடிசையில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவரவர் வீட்டுக்கு அவரவர் சாம்பலைப் பிரித்துக் கொடுக்க எந்தத் தோணன் வருவான்? 44 பேருக்கும் சேர்த்து ஒரே நினைவுச் சின்னம். அதில் 44 பெயர் இருக்கிறது. குழந்தைகள் பெயரும் இருக்கிறது. 1957ல் வெட்டிக் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரனுக்குப் பரமக்குடியில் கல்லறை இருக்கிறது. செப்டம்பர் 11ல் அதற்கு மாலை போட வந்த சனங்கள்மேல் 2011ல் துப்பாக்கிச் சூடு நடந்து 6 பேர் செத்தார்கள். கல்லறைக்குப் போனவர்களுக்கே கல்லறை வந்தது. 1997 ஜூன் 30ல் மேலவளவில் முருகேசனும் அவருடன் அய்ந்து பேரும் வெட்டப்பட்டார்கள். அவர்களைப் புதைத்த இடத்துக்கு விடுதலைக் களம் என்று பெயர். ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள்.

1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். இரண்டு பெண்கள். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. நினைவுத்தூண் வேண்டும் என்று எத்தனையோ முறை கேட்டும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஜூலையும் கட்சிகள் வரிசையாக வந்து தாமிரபரணித் தண்ணீரில் பூப் போடுகின்றன. போலீஸ் நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறது. 114 ஏக்கர் பரம்பு இதே ஆற்றின் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கிறது.

எங்க வீட்டில் அம்மா விஷயத்தில் ரெண்டு மாசம் சண்டை நடந்தது. அண்ணன் ராமேஸ்வரம் என்றான். அண்ணி, ஊர் வாய்க்குப் பயந்து, பாலாற்றிலாவது போடுங்கள் என்றாள். பாலாற்றில் தண்ணி எங்கே இருக்கு என்று பெரியப்பா கேட்டார். கடைசியில் அவர்தான் சொன்னார்: "பாப்பா கேக்கறது ஒரு கல்லு. அதுக்கு எடம் கேளுங்கடா மொதல்ல." செம்புச் சொம்பை வாங்கவில்லை. பக்கத்து ஊர்க் குயவரிடம் போய், மூடியோடு கனமாக ஒரு மண்கலயம் வனைந்து தரச் சொன்னேன். எவ்வளவு அகலம் என்று கேட்டார். கையால் காட்டினேன். கலயம் இப்போது வீட்டில் ரேஷன் கார்டு வைக்கிற மாடத்தில் இருக்கிறது. தோஷம் ஒன்றும் வரலை.

காலனிப் பெண்கள் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். சுடுகாட்டுக்கு ஏரிக்குள் வராத மேட்டு நிலத்தில் ஒரு ஏக்கர், பொதுப்பாதை, சுற்றுச்சுவர், செத்தவர்கள் பெயர் எழுதக் கல். மனுவோடு பெயர்ப் பட்டியலும் சேர்த்தோம். வீடு வீடாகப் போய், உங்க வீட்டில் செத்தவங்க யார் யார் என்று கேட்டு நோட்டில் எழுதினேன். ஒரு வீட்டிலும் நாலு தலைமுறைக்கு மேலே போக முடியவில்லை. ஆனாலும் 200க்கு மேல் பெயர் வந்துவிட்டது. சில கிழவிகள், குழந்தையிலேயே செத்ததையும் எழுதட்டுமா, பேர் வைக்கறதுக்குள்ள போயிடுச்சே என்று கேட்டார்கள். எழுதச் சொன்னேன், தாய் பெயரைப் போட்டு. மனுவுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். சர்வேயர் வந்து அளக்க வேண்டும்.